மங்களம் பாடாத கச்சேரிகள்

எங்கள் கட்டடத்தில் யாரும் வெளியில் இட்லி வாங்கிச் சாப்பிடுவதில்லை. பாலக்காட்டிலிருந்து வந்து மாட்டுங்காவில் வேர்விட்ட குடும்பங்கள். வீட்டில் அரைத்த மாவைத் தவிர வேறொன்றைத் தொடுவது வழக்கமில்லை. அப்படியிருந்தும் காலையில் சுயம்புவின் சைக்கிள் ஹாரன் தெருமுனையில் 'பாம் பாம்' என்றதும் எல்லா மாடிகளிலிருந்தும் கயிறு கட்டிய பைகள் சத்தமில்லாமல் இறங்கும். அடுத்த வீட்டுப் பையை யாரும் பார்ப்பதில்லை. எந்தப் பை யாருடையது என்று சுயம்புவுக்குத் தெரியும். அவன் யாரிடமும் சொன்னதில்லை.

சுயம்பு நாங்குநேரிப் பக்கத்துக்காரன். மீசை முளைக்கும் முன்பே ரயிலேறி தாராவிக்கு வந்து, சில காலம் தோல் பட்டறை, சில காலம் பெல்ட் பட்டறை என்று இருந்துவிட்டு, கல்யாணமான பிறகு இட்லிக்கு வந்து சேர்ந்தான். இடுப்புக்கு மேலே குச்சி, கீழே மல்யுத்தக்காரன். தாராவியிலிருந்து கிங்ஸ் சர்க்கிள், மாட்டுங்கா, அங்கிருந்து செம்பூர் என்று அன்றாடம் மிதிக்கிற கால்கள். மாவாட்டுவது, ஊற்றுவது, அவிப்பது, கணவனைத் திட்டுவது எல்லாம் விஜயராணியின் பொறுப்பு. ஒரே மகள் மாலதியை கோபர்கைரனேயில் கட்டிக்கொடுத்தாயிற்று. விஜயராணி ஊற்றும் இட்லியைப் பற்றி நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பெருமழையில் ரயிலெல்லாம் நின்றுபோன ஒரு நாள் சுயம்பு எங்கள் வாசலிலேயே மாட்டிக்கொண்டான். கட்டடம் முழுக்க அந்த ஒரு அலுமினிய டிரம்மிலிருந்து சாப்பிட்டது. மறுநாள் காலை மூடியைத் திறந்தபோதும் உள்ளே ஆவி பறந்துகொண்டிருந்தது.

அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை. தெருத் தெருவாகப் போகிறவனுக்கு எல்லா வீட்டுச் சங்கதியும் கண்ணில் படும். வாயைத் திறந்தால் வியாபாரம் போய்விடும் என்று அவனாகவே பூட்டி வைத்துக்கொண்டான். அந்தப் பூட்டைக் கொஞ்சம் முன்பே திறந்திருந்தால் விஷயம் அவன் வீடு வரைக்கும் வந்திருக்காது.

மூன்றாம் மாடி வந்தனாவை இங்கே சொல்ல வேண்டும். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் பாங்க் வேலை. சின்ன வயதிலிருந்து பாட்டு கற்றவள், நல்ல சாரீரம். ஆனால் எந்தச் சபாவிலும் அவளுக்கு மத்தியான நேரம்தான் ஒதுக்குவார்கள். அதாவது ஏசிக்காக வந்து உட்கார்ந்து தூங்குகிறவர்களுக்குப் பாட வேண்டும். அவளுக்குக் கஞ்சிரா வாசிப்பவன் நகுல், செம்பூர்க்காரன், அவளோடு ஒரே ஆபீஸ். "கூட்டம் நம்மகிட்ட வரலேன்னா நாம கூட்டத்துகிட்ட போவோம் மாமி" என்று ஒரு நாள் லிப்டில் என்னிடம் சொன்னாள். சொன்னபடி போனார்கள்.

அறிவிப்பு கிடையாது, மேடை கிடையாது. கடைக்கு வந்தவர்கள் மாதிரி தனித்தனியாக வந்து நிற்பார்கள். போனில் சுருதி, தோள்பையில் ஒரு சின்ன ஸ்பீக்கர், லாப்டாப் பைக்குள் கஞ்சிரா. யாரும் எதிர்பாராத நேரத்தில் வந்தனா வாயைத் திறப்பாள். கூட்டம் திகைக்கும், போன்கள் உயரும். வாட்ச்மேனோ போலீஸோ வந்து சேர்வதற்குள் பாட்டை அந்த இடத்திலேயே போட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் கரைந்துவிடுவார்கள். அந்த வீடியோக்களை அமெரிக்காவில் இருக்கிறவர்கள்கூடப் பார்த்தார்களாம்.

முதல் கச்சேரி எங்கள் பூக்கடைச் சந்தில். கோயில் வாசலில் பூக்கட்டும் பஞ்சுவிடம் நான் கதம்பம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்தனா என்னைத் தெரியாதவள் போல் நின்றுகொண்டு மல்லிகையை முகர்ந்து பார்த்தாள். திடீரென்று எங்கிருந்தோ தம்புரா இழைந்தது. அவள் புன்னாகவராளியில் ஒரு நீண்ட இழை இழுத்தாள். அந்த ராகத்தை விளக்கு வைத்த பிறகு வீட்டில் பாடினால் பாம்பு வரும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். பட்டப்பகல், பூக்கடை, மாட்டுங்காவில் ஏது பாம்பு என்று நானும் பேசாமல் கேட்டேன்.

சந்து அப்படியே அடங்கிவிட்டது. பேரம் பேசியவர்கள் வாய் திறந்தபடி நின்றார்கள். வாழையிலை மென்றுகொண்டிருந்த மாடு மெல்லுவதை நிறுத்தியது. கஞ்சிரா எப்போது சேர்ந்துகொண்டது என்று தெரியவில்லை. பாட்டு நன்றாக ஏறிக்கொண்டிருந்தபோது சந்தின் கோடியில் விசில் கேட்டது, போலீஸ். வந்தனா பாதி வரியில் வாயை மூடினாள், துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்து மறைந்தாள். பாடிய இடத்தில் காற்று கூட வராத மாதிரி கொஞ்ச நேரம் ஒரு வெறுமை நின்றது.

நான் அவ்வளவுதான் பார்த்தேன். சுயம்பு பார்த்தது வேறு. பஞ்சுவுக்கு இட்லி கொடுக்க வந்தவன் சைக்கிளோடு அங்கேதான் நின்றிருந்தான். பஞ்சுவின் வலது கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தொடையில் உள்ளங்கையால் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். ஒரு தட்டு, ஒரு திருப்பல். மறுபடி ஒரு தட்டு, ஒரு திருப்பல். சுத்தமான ஆதிதாளம். பஞ்சு தன் ஆயுளில் கேட்ட சங்கீதமெல்லாம் கல்யாண ஊர்வலத்து பேண்ட்.

பாட்டு நின்றது. கை நிற்கவில்லை.

"பெரியவரே, கையை நிறுத்தும். சாம்பார் ஊத்தணும்லா."

"நிறுத்தித்தான் பாக்கேன். நிக்க மாட்டேங்குதே" என்று பஞ்சு சிரித்தாராம். "வலிக்கல, ஒண்ணும் செய்யல. அது பாட்டுக்குப் போவுது. நீ இடது கையில வையி."

அடுத்து வந்த நாட்களில் பஞ்சு நாரைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் பூக்கட்டினார். வலது கை தன் வேலையில் இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மெதுவாக. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. சுயம்பு ஒவ்வொரு காலையும் அதைப் பார்த்தான், பேசாமல் சைக்கிளை மிதித்தான். கடைசியில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒருவர் நிதானமாகக் காபி குடித்துவிடலாம் என்று ஆயிற்று. ஒரு காலை பஞ்சு பூக்கூடைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை மேலே பார்க்கத் திரும்பியிருந்தது. அடுத்த தட்டு விழவில்லை. வயதானவர்; யாரும் சந்தேகப்படவில்லை. நானும் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இரண்டாவது கச்சேரி செம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டில். கீழ்ப்படியோரம் மொபைல் கவர் விற்கும் முகைதீன், மேலப்பாளையத்துக்காரர், திடகாத்திரமான ஆள். சுயம்புவின் இட்லிக்கு அங்கே முதல் கிராக்கி. ஹார்பர் லைன் வண்டி வந்து ஜனம் இறங்கிய நேரம் பார்த்து வந்தனா பாடினாள். அடுத்த வண்டி வருவதற்குள் விட்டுவிட்டுப் போனாள். முகைதீன் கை மொபைல் கவர் அட்டையின் மேல் தட்டிக்கொண்டிருந்தது.

"பாய், என்ன தாளம் போடுதீய?"

"நான் எங்கப்பா போடுதேன்? கை போடுது" என்றார் முகைதீன். "சம்சாரம் கூட ஏசுதா. ராத்திரி தூங்கும்போது மெத்தையில தட்டிக்கிட்டே கெடக்கேனாம். அவளுக்குத் தூக்கம் போச்சாம்."

சுயம்பு உடனே டாக்டரிடம் போகச் சொன்னான், அவரும் போனார், நரம்பு என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். பஞ்சுவைப் பற்றி மட்டும் சுயம்பு சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, மனுஷன் பயந்துதான் போவார் என்று நினைத்தான். தட்டுகள் நாளுக்கு நாள் தள்ளித் தள்ளி விழுந்தன. பிறகு ஒரு நாள் அந்தப் படியோரத்தில் கடை இல்லை. பக்கத்தில் சீப்பு விற்கிறவன், "பாய் குசர் கயா", செத்துப்போய்விட்டார் என்றான். கை எப்படி இருந்தது என்று சுயம்பு கேட்டான். இதென்ன கேள்வி என்பது போல் பார்த்துவிட்டு, அவன் தன் உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்டினான்.

மூன்றாவது கச்சேரி தாராவியில், ரேஷன் கடை வரிசையில். அந்த வரிசையில் விஜயராணி நின்றிருந்தாள்.

சில நாள் அவள் இடது கையால் இட்லி ஊற்றினாள். பிறகு ஒரு காலை ஹாரன் கேட்கவில்லை. பைகள் இறங்கத் தயாராகக் காத்திருந்தன. நான் வாசற்கதவைத் திறந்தபோது சுயம்பு படியில் நின்றுகொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் அவன் எங்கள் மாடி ஏறி வந்தது அதுதான் முதல் தடவை.

"என்னப்பா, இன்னிக்கு இட்லி இல்லையா?"

"இல்ல மாமி."

"விஜயராணிக்கு உடம்பு சரியில்லையோ?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. கை மட்டும் அவகிட்ட இல்ல."

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே பஞ்சுவையும் முகைதீனையும் சொன்னான். அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பூக்கடையில் நான் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நடந்த விஷயத்தை நான் பார்க்கவே இல்லை என்பது எனக்கு உறைத்தது. கடைசியில் ஒன்று கேட்டான்.

"மாமி, எங்க அம்மன் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு வைப்போம்லா. அது சும்மா கேக்கதுக்கு இல்ல. பாட்டு கூப்பிடும், யாராவது ஒரு ஆளு மேல வந்து இறங்கும். அதனால கடைசியில வாழி பாடாம வில்லைக் கீழ வைக்க மாட்டாவ. வாழி பாடுனாத்தான் வந்தது போவும். உங்க பாட்டுல அப்பிடி ஒண்ணு கெடையாதா?"

"ஏன் இல்லாம? மங்களம்னு இருக்கே."

"அந்தப் பிள்ளைக அதைப் பாடுதாங்களா?"

மங்களம் பாடுவதற்கு முன் எழுந்து போவது பாவம் என்று அடித்து வளர்க்கப்பட்டவர்கள் எங்கள் ரசிகர்கள். கடைசி பஸ் போனாலும் போகட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். செத்துப்போனால் மட்டும் அந்தப் பழக்கம் விட்டுவிடுமா? கேட்டுவிட்டு எழுந்து போக முடியாமல் ஒருவர் உட்கார்ந்துகொண்டே இருக்கிறார் என்றால், யார் மேல் உட்கார்ந்திருப்பார்?

வந்தனாவைக் கீழே வரச் சொன்னேன். நகுலும் வந்தான்.

"மங்களமா? அதுக்கெல்லாம் ஏது டயம் மாமி" என்றாள் வந்தனா. "போலீஸ் வந்துடறான். அதோட வீடியோல மங்களம் வந்தா எல்லாரும் ஸ்க்ரோல் பண்ணிண்டு போயிடுவா. நாங்க ஹை பாயிண்ட்ல கட் பண்றோம்."

"வீடியோவைப் போடு. உன்னைப் பாக்க வேண்டாம். கூட்டத்துல கையைப் பாரு."

மூன்று வீடியோக்களையும் பார்த்தோம். பூக்கூடைக்கு மேலே பஞ்சுவின் கை. கவர் அட்டையின் மேலே முகைதீனின் கை. ரேஷன் பையைப் பிடித்திருந்த விஜயராணியின் கை. வந்தனா முதலில் சிரித்தாள். நகுல்தான் போனைப் பிடுங்கி, பின்னால் தள்ளித் தள்ளி மறுபடி மறுபடி பார்த்தான்.

"அரே" என்றான் மெதுவாக. "நான் தட்டறதுக்கு முன்னாடி அந்தக் கை விழறது. மூணுலயும். நான் இவாளைப் பாத்து வாசிக்கல மாமி, இவா பக்கம் திரும்பவே இல்லை. ஆனா அந்தக் கைதான் தாளம். நான் பின்னாடி போயிண்டிருக்கேன்."

வந்தனா வேறொன்றைப் பார்த்தாள். கை திரும்பும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் போய்ச் சுண்டுவிரலின் நுனியை ஒரு தடவு தடவிவிட்டு வந்தது. யாரோ ஒருவருடைய நெடுநாள் பழக்கம். பூக்கட்டுகிறவர், கடைக்காரர், மாவாட்டுகிறவள் மூன்று பேருக்கும் அதே பழக்கம்.

அதற்கு மேல் அவள் வாதாடவில்லை.

சாயங்காலம் மூன்று பேரும் சுயம்புவோடு தாராவிக்குப் போனோம். அவன் வீடு ஒரு சந்துக்குள் இன்னொரு சந்து. கீழே இட்லிக் கொப்பரைகள்; ஏணி ஏறினால் படுக்கும் இடம். விஜயராணி கீழ்வாசலில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். இடது கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வலது கை தொடை மேல் கிடந்தது. நான் நிலைப்படியில் நின்று பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கை அசையவில்லை என்று மூச்சு விட்டேன். அப்போது உள்ளங்கை உயர்ந்து, தொடையில் விழுந்தது. பிறகு மறுபடி அந்த நீண்ட சும்மா இருத்தல். வெளியே ஒருத்தி குழாயில் குடத்தை வைத்து நிரப்பி எடுத்துக்கொண்டு போன பிறகு சுண்டுவிரல் மடங்கியது.

"வாங்க மாமி" என்றாள் விஜயராணி. "எனக்கு மங்களம் பாட ஆளு கூட்டியாந்திருக்காவளாமே இவிய. நல்ல புருசன்."

"ஏட்டி, சும்மா கெட" என்றான் சுயம்பு. அவன் குரல் சரியில்லை.

"நான் சும்மாத்தானே கெடக்கேன். கையும் சும்மா கெடக்கப் போவுது, இன்னும் செத்த நேரம்தான். மாலதிகிட்ட சொல்லிராதீய, புள்ள வேலையை விட்டுட்டு ஓடியாந்துருவா." வந்தனாவை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதான் பாடுன பொண்ணா? நல்லாத்தான் பாடுனே. பாதியில எதுக்குப் போட்டுட்டு ஓடுனே? அரிசி வாங்க நின்னவ அப்பிடியே நிக்கேன், இப்ப வரைக்கும்."

வந்தனா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ஸ்பீக்கர் இல்லை, போனில் சுருதி மட்டும். விட்ட வரியிலிருந்தே எடுத்தாள். சந்தில் போனவர்கள் நின்றார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏணிகளில் இறங்கி வந்து கூடினார்கள். பாட்டை முடித்துவிட்டு, நிறுத்தாமல், மத்தியமாவதியில் மங்களத்துக்குப் போனாள்.

விஜயராணியின் கை உயிர்பெற்றது. வேகம் பிடித்தது. தட்டு, விரல், விரல், விரல். நகுலின் கஞ்சிரா அதன் பின்னால் ஓடியது. அந்தக் கையில் இருந்த நிதானமும் அழகும் சபாவின் முன் வரிசையில் பார்த்தது போலவே இருந்தன. மங்களத்தின் கடைசி வரி முடிந்தது. கை திரும்பியது, கட்டைவிரல் சுண்டுவிரலைத் தடவியது, உள்ளங்கை மேலே பார்த்தபடி நின்றது.

நின்றேவிட்டது.

"விஜயா" என்றேன். அவள் கண் திறந்திருந்தது. எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால், சந்து வளையும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நகுல் அவள் மணிக்கட்டைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். "ஐஸ் மாதிரி இருக்கு மாமி."

வந்தது எழுந்து போகிறது. போகும்போது இவளையும் கூட்டிக்கொண்டு போகிறது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது புரிந்துவிட்டது. ஒரு பெண் தலையில் அடித்துக்கொள்ளத் தயாரானாள்.

சுயம்பு வாயைத் திறந்தான். பாட்டென்று சொல்ல முடியாது. அவனுக்கு ராகமும் இல்லை, வரியும் சரியாகத் தெரியாது. கொடையில் யாரோ பாடி இவன் காதில் விழுந்ததன் மிச்சம். ஆனால் அந்தச் சந்து அதிரும்படி கத்தினான்.

"இந்தத் தெரு வாழ, தெருவுல வார தண்ணி வாழ... வரிசையில நின்ன சனம் வாழ, வந்து பாடுன பொண்ணு வாழ..."

இழுத்து இழுத்து, மூச்சு வாங்கி, மறந்த இடத்தில் வாயில் வந்ததையெல்லாம் போட்டான். கொப்பரை வாழ, இட்லித் துணி வாழ, கிங்ஸ் சர்க்கிள் வாழ. நகுல் எப்படியோ அதற்கும் கஞ்சிராவைப் பிடித்துக்கொடுத்தான். பெண்கள் ஒவ்வொரு 'வாழ'வுக்கும் பின்குரல் கொடுக்கத் தொடங்கினார்கள்.

"பூக்கட்டுன பஞ்சு பேரு வாழ. படியோரம் இருந்த முகைதீன் பேரு வாழ. செம்பூரு ஸ்டேசன் வாழ. கோபர்கைரனே மாலதி வாழ." அவன் குரல் உடைந்தது. "இட்லி ஊத்துற விஜயராணி வாழ. விஜயராணி வாழ."

அவளுடைய கண் இமைத்தது. சந்து வளைவிலிருந்து பார்வை மெதுவாகத் திரும்பி வந்து, வெங்காயத் தட்டில் நின்று, பிறகு அவன் முகத்துக்கு வந்தது. கை மட்டும் இன்னும் மேலே பார்த்தபடியே இருந்தது.

சுயம்பு நிறுத்திக்கொண்டான்.

"ஏன்டாப்பா நிறுத்தறே? பாடு" என்றேன்.

"பாடியாச்சு மாமி. பாடுறவன் பேரைப் பாடுறவனே சொல்லக் கூடாது. யாருக்குப் பாடுனமோ அவுக திருப்பிச் சொல்லணும். அப்பத்தான் வாழி முடியும்."

எல்லோரும் விஜயராணியைப் பார்த்தோம். அவள் உதடு அசைந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நான் எப்பிடி அவிய பேரைச் சொல்ல."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரேஷன் கடையில்கூடக் கணவன் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்கிறவள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை.

"சொல்லுக்கா" என்று ஒருத்தி கெஞ்சினாள். "உசுரு போவுது, பேரைச் சொன்னா என்ன?"

"மாலதி அப்பா வாழ" என்றாள் விஜயராணி.

கை அசையவில்லை.

"அது பேராவாதுட்டி" என்றான் சுயம்பு. அவள் முன்னால் மண்டியிட்டிருந்தான். "என்னைய இன்னைக்கு ஒருநாள் ஏசுறதா நெனச்சுச் சொல்லு. திட்டும்போது மனசுக்குள்ள சொல்லுவேல்லா, அதையே சொல்லு."

அவளுடைய பார்வை மறுபடியும் வளைவின் பக்கம் நழுவத் தொடங்கியது. வந்தனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நகம் என் தோலில் பதிந்தது.

"சுயம்பு" என்றாள் விஜயராணி, தரையைப் பார்த்துக்கொண்டு, மிகவும் கோபமாக. "சுயம்பு வாழ."

உள்ளங்கை புரண்டு தொடையில் விழுந்தது.

அதற்குப் பிறகு அது வெறும் கைதான். வியர்த்தது, தண்ணீர்ச் செம்பைப் பிடித்தது, கணவனின் தோளில் ஒரு அடி வைத்தது. சுயம்பு துண்டை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டான். நகுல் கஞ்சிராவைப் பைக்குள் போடுவதற்கு ஜிப்பைத் தேடிக்கொண்டே இருந்தான். பெண்கள் எங்களுக்கு டீ கொண்டுவந்தார்கள்.

கிளம்பும் நேரத்தில் விஜயராணி என்னை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"மாமி, நான் தாளம் போடல. யாரோ என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு அவுக போட்டாவ. சின்னக் கையி, மெத்துன்னு இருந்துச்சு. வேலை செஞ்ச கை இல்ல. அந்தப் பொண்ணு மங்களம் பாடி முடிச்சதும், 'ஆயிடுத்தா'ன்னு கேட்டுச்சு."

"என்னன்னு?"

"ஆயிடுத்தா. உங்க பாசைதான். ஆயிட்டுன்னு சொன்னேன். எந்திரிச்சுச்சு. கையை விடல, நானும் கூடவே எந்திரிச்சுட்டேன். அந்த வளைவு வரைக்கும் போயிட்டேன் மாமி. இவிய போட்ட சத்தத்துல திரும்பிப் பாத்தேன். அப்பவும் விடல. பேரைச் சொன்னதும்தான் விட்டுச்சு."

"போயிடுத்தோல்லியோ?"

"போயிட்டு. போவும்போது, 'அடுத்த கச்சேரி எங்கே'ன்னு கேட்டுச்சு."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "நீ என்ன சொன்னே?"

விஜயராணி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. வருத்தம் இருந்ததாகச் சொல்ல மாட்டேன்.

"மாட்டுங்கான்னு சொல்லிட்டேன். வேற எங்கன்னு சொல்ல? உங்க ஆளுதானே மாமி."

இப்போது சுயம்பு முன்போலவே வருகிறான், பைகள் இறங்குகின்றன. வந்தனா தெருவில் பாடுவதை விட்டுவிட்டாள். எங்கள் கட்டடத்தில் குளியலறையில் யாராவது ஒரு வரி முணுமுணுத்தால்கூட, வழுக்கும் தரையில் சோப்பு நுரையோடு நின்று மங்களம் பாடி முடித்துவிட்டுத்தான் வெளியே வருகிறார்கள். பாட்டே வராத மூன்றாம் மாடி சுந்தரராமன்கூட.